எழுபத்தைந்து பேர் படுத்திருக்க வேண்டும்

நூறு கட்டில் உள்ள மருத்துவமனையில் எந்த நாளும் எழுபத்தைந்து கட்டிலிலாவது நோயாளி படுத்திருக்க வேண்டும், அப்போதுதான் அதை ஒட்டிய நர்சிங் பள்ளிக்கு அங்கீகாரம் என்பது நர்சிங் கவுன்சிலின் விதி. விதி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. நோயாளியைத் தொட்டுப் பழகாதவள் நர்ஸ் ஆகக் கூடாது என்று நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்த மருத்துவமனையில் நல்ல நாளிலேயே இருபத்திரண்டு பேர்தான் இருப்பார்கள். மழை பெய்து நாலு பேர் வழுக்கி விழுந்தால் இருபத்தாறு. மீதிக்கு எங்கே போவது?

மேனேஜருக்கு அது ஒரு கேள்வியே இல்லை. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னா, அம்பது பொய் சொல்லி ஒரு ஸ்கூலைக் காப்பாத்தக் கூடாதா?" என்று ஊழியர் கூட்டத்தில் கேட்டார். கவுன்சில் ஆய்வுக்கு வரும் நாளில் ஆளுக்கு ஒன்றிரண்டு தலை கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று. மாமியார், மச்சினன், எதிர்வீட்டுக்காரர் என்று ஆளாளுக்குப் பட்டியல் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர், கொண்டுவர ஆள் இல்லாததால், கடையைப் பூட்டிவிட்டுத் தானே மூலநோயாளியாகப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் முகத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

டியூட்டருக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. டியூட்டர் பதினாறு வருடமாக அந்தப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அக்கா கணவனை இழந்தவள், வீட்டிலேயே தையல். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே சண்டை.

"படுத்துக் கிடக்கிறதுக்கா ஆள் தேடுறாங்க?" என்றாள் அக்கா, வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. "இப்படி ஒரு உத்தியோகம் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன்டி இந்த மிஷினை மிதிச்சுக்கிட்டுக் கெடக்கிறேன்?"

"விளையாடாதே அக்கா. அரை நாள்தான். ஆய்வு முடிஞ்சதும் வந்துடலாம்."

"அரை நாள் என்ன, அரை மாசம்னாலும் படுப்பேன். பகல்ல காலை நீட்டிப் படுத்து எத்தனை வருஷமாச்சு."

அக்கா இதற்கு முன்பும் தங்கைக்காகப் படுத்திருக்கிறாள். டியூட்டர் மாணவியாக இருந்தபோது இரத்த அழுத்தம் பார்க்கப் பழகியது அக்காவின் கையில்தான். பட்டையைச் சுற்றி, காற்றடித்து, விட்டு, மறுபடி காற்றடித்து, அந்தக் கை சிவந்து போகும். "கேட்டுச்சாடி? இன்னுமா கேக்கல? செவிட்டுக்கா ஃபீஸ் கட்டினேன்?" என்பாள் அக்கா. ஒருநாள் மாலை, காற்று இறங்கும்போது நாடி அடிக்கும் அந்த முதல் 'டப்' கேட்டது. டியூட்டர் அழுதேவிட்டாள். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் பிழைப்பு அன்றிலிருந்து நடக்கிறது. முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு அவள் சொல்லும் முதல் பாடமும் அதுதான்: காது கேட்காத எண்ணைக் கை எழுதக் கூடாது.

ஆய்வுக்கு இரண்டு நாள் முன்னால் இறுதியாண்டு மாணவிகள் அறுபது பேரும் வகுப்பறையில் உட்கார்ந்து, வராத நோயாளிகளுக்குக் கேஸ் ஷீட் எழுதினார்கள். ஆய்வு நாள் காலை வரை மூன்று நாள் கணக்கு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்ததாக. இரத்த அழுத்தம் நூற்றிருபது, எண்பது. நாடி எழுபத்திரண்டு. எல்லாருக்கும் அதேதான்.

ஒருத்தி மட்டும் பேனாவை மூடி வைத்திருந்தாள். எதைச் சொன்னாலும் "மிஸ், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பதால் வகுப்பில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். அறுபது பேரில் காது கூர்மையானவளும் அவள்தான். மற்றவர்கள் கருவியின் ஊசி ஆடுவதைப் பார்த்து எண் சொல்வார்கள், சந்தேகம் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வாள்.

"மிஸ், ஒரு சந்தேகம். அளக்காம எழுதலாமா?"

"இந்தத் தடவை மட்டும். அங்கீகாரம் போச்சுன்னா நீங்க யாரும் கவுன்சில் பரீட்சை எழுத முடியாது. மூணு வருஷமும் வீண்."

சந்தேகம் குனிந்து எழுத ஆரம்பித்தாள். டியூட்டருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஊரே ஓடும்போது நாம் மட்டும் நின்று என்ன ஆகப் போகிறது என்று அதை அடக்கிக்கொண்டாள்.

ஆய்வு நாள் காலை ஐந்து மணிக்கே இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். அக்கா தினமும் காலையில் போடும் பிரஷர் மாத்திரை, தையல் மிஷின் மேல் இருந்த டப்பாவிலேயே இருந்துவிட்டது. அதை இருவருமே நினைக்கவில்லை.

பெண்கள் வார்டில் பதினான்காம் கட்டில் அக்காவுக்கு. ஒன்பது மணிக்கு டியூட்டர் போர்வைகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தபோது அக்கா இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தலை வெடிக்குதுடி."

டியூட்டருக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் நடிக்கிற. ஆனா உன் ஷீட்ல வயித்து வலின்னு எழுதியிருக்கு. தலையைப் பிடிக்காதே, வயித்தைப் பிடி."

"நிஜமாடி. கண்ணெல்லாம் பூச்சி பறக்குது."

"ராத்திரி பூரா உக்காந்து யாருக்கோ பாவாடை தைச்சா பறக்காம என்ன செய்யும்? தூங்கு. அவங்க வந்தா மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கோ."

அக்கா கீழ்ப்படிந்தாள். இடது கையை வயிற்றின் மேல் வைத்து, "ஐயோ அம்மா" என்று மெல்ல ஒரு ஒத்திகை பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சமையல்காரரின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். வயதான அம்மாள், முப்பது வருடம் வார்டில் நின்ற கால் என்பது நடையிலேயே தெரிந்தது. கையில் இருபத்திரண்டு பக்கப் படிவம். அன்று மாலைக்குள் இன்னொரு பள்ளியையும் பார்த்தாக வேண்டும். கட்டில்களை எண்ணினார். எழுபத்தேழு. மேனேஜரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஆய்வாளர் அம்மாள் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார். "எல்லாருக்கும் நூத்தி இருபது, எண்பது. ரொம்ப ஆரோக்கியமான நோயாளிங்கதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் பதினான்காம் கட்டிலருகே நின்று, "ஒரு ஸ்டூடண்ட் வந்து இவங்களுக்கு பி.பி. பாருங்க" என்றார்.

டியூட்டர் பெருமையோடுதான் சந்தேகத்தை முன்னால் அனுப்பினாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு என்று பிறகு நினைத்தாள். இல்லை, முதல் தப்பு அதற்கும் முன்னால், வகுப்பறையிலேயே நடந்தது.

சந்தேகம் பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள், கண்ணை மூடினாள், விட்டாள். கண்ணைத் திறந்து மறுபடி காற்றடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இருநூத்தி பத்து, மேடம். கீழே நூத்தி இருபது."

ஆய்வாளர் அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளினார். "காலையில பத்து மணிக்கு நூத்தி இருபது, எண்பதுன்னு ஷீட்ல இருக்கு. மூணு நாளா அதான் இருக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பு. எது?"

சந்தேகம் டியூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் இருமினார்.

"டியூட்டர், நீங்க பாருங்க. நீங்க சொல்றதை நான் எழுதிக்கிறேன்."

டியூட்டர் ஸ்டெத்தைக் காதில் மாட்டினாள். அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, வயிற்றைப் பிடித்தபடியே, யாருக்கும் தெரியாமல் கண்ணடித்தாள். ஊசி ஏறி இறங்க ஆரம்பித்தது. இருநூற்றுப் பத்தில் 'டப்' என்றது. இருபது வருடமாக அவளுக்குத் தெரிந்த கை, தெரிந்த சத்தம். அது இவ்வளவு உயரத்தில், கதவைத் தட்டுவது போலக் கேட்டது. தலைவலி நடிப்பில்லை, கண்ணில் பறந்த பூச்சியும் நடிப்பில்லை என்று அவளுக்கு அந்த விநாடியே புரிந்தது. மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்பதும் புரிந்தது.

இருநூற்றுப் பத்து என்றால் இந்த ஷீட் பொய். இந்த ஷீட் பொய் என்றால் ஐம்பது ஷீட்டும் பொய். அறுபது பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார்கள். ஒரு மணி நேரம்தானே, ஆய்வாளரின் கார் கேட்டைத் தாண்டியதும் ஓடிவந்து ஊசி போட்டுவிடலாம் என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. அவள் அந்தக் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நூத்தி இருபது, எண்பது மேடம்" என்றாள். "பொண்ணு பயந்துட்டா. சரியா கேக்கல."

ஆய்வாளர் அம்மாள் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தார். தெரிந்து பார்த்தாரா, அயர்ந்து பார்த்தாரா என்பது இன்றுவரை டியூட்டருக்குத் தெரியாது. பிறகு குனிந்து எழுதிக்கொண்டார். சந்தேகம் தன் காதை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆய்வாளருக்கு டீ, பிஸ்கட், நூலகம், ஆய்வுக்கூடம். பயிற்சிப் பதிவேடுகளுக்கு டியூட்டர்தான் பொறுப்பு என்பதால் பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை எழுந்தாள். மேனேஜர் மேஜைக்கடியில் கையைக் காட்டி உட்கார வைத்தார். டியூட்டி டாக்டரும் அதே அறையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. சொன்னால் அவர் எழுந்து ஓடுவார், ஏன் ஓடுகிறார் என்று அந்த அம்மாள் கேட்பார் என்று பயந்தாள்.

கார் கேட்டைத் தாண்டியதும் டியூட்டர் ஓடினாள். வார்டில் நோயாளிகள் போர்வையை மடித்துவைத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தார். பதினான்காம் கட்டிலில் மட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அக்காவின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. இடது கை, சொன்னபடியே, வயிற்றின் மேல் இருந்தது.

"ரொம்ப நேரமா ஊ ஊன்னு முனகிட்டு இருந்தாங்க" என்றாள் சமையல்காரரின் மாமியார். "நல்லா நடிக்கிறாங்களேன்னு நாங்கல்லாம் பேசிக்கிட்டோம்."

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உயிர் தங்கியது, வலது பக்கமும் பேச்சும் போயின. எந்த வாய் அந்த வீட்டையே கலகலவென்று வைத்திருந்ததோ அந்த வாய் போயிற்று. இதற்கு அவள் செத்திருக்கலாம் என்று ஒருநாள் டியூட்டர் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். மறுநாளும் நினைத்தாள்.

மூன்று மாதம் கழித்து அங்கீகாரம் வந்தது, ஐந்து வருடத்துக்கு. நோயாளிப் பதிவேடுகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன என்று பாராட்டு. ஒரே ஒரு குறை: மாணவி ஒருத்திக்கு இரத்த அழுத்தம் அளப்பதில் கூடுதல் பயிற்சி தேவை. மேனேஜர் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். மனிதர் அவ்வளவு கல்நெஞ்சரும் அல்ல. பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்று தெரிந்ததும், "பதினாலாம் கட்டில் சும்மாதானே கெடக்கு, இங்கேயே வெச்சுக்கோங்கம்மா. எண்ணிக்கைக்கும் ஆச்சு" என்றார்.

கவுன்சிலுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று டியூட்டர் இரண்டு முறை உட்கார்ந்தாள். அறுபது பேரின் முகம் வந்து நின்றது. கிழித்துப் போட்டாள். அக்காவிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். "எனக்குக் கேட்டுச்சு அக்கா. இருநூத்தி பத்து. எனக்கு நல்லாக் கேட்டுச்சு." அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. புரியாமல் இருக்கட்டும் என்றுதான் டியூட்டர் வேண்டிக்கொண்டாள்.

ஆய்வறிக்கையில் சொல்லிவிட்டதால் சந்தேகத்துக்குத் தினமும் கூடுதல் பயிற்சி. நிஜ நோயாளிகள் குறைவு, அதனால் அவள் பதினான்காம் கட்டிலுக்குத்தான் வருவாள். இப்போதெல்லாம் அவள் வகுப்பில் எழுந்து நிற்பதில்லை. எதற்கும் சந்தேகம் கேட்பதில்லை.

அன்று அவள் அக்காவின் இடது கையில் பட்டையைச் சுற்றியபோது டியூட்டர் பக்கத்தில் நின்றாள். காற்று ஏறியது, மெல்ல இறங்கியது. அந்தப் பெண் கண்ணை மூடவில்லை. ஊசியையும் பார்க்கவில்லை. ஸ்டெத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டாள், ஷீட்டை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள். பிறகு மரியாதையாக டியூட்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவுன்னு எழுதட்டும், மிஸ்?"