முப்பது ரூபாய் லாபம்

பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை அது. முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு மொத்த வியாபாரியிடம் போனில் பீற்றிக்கொண்டிருந்தார். மூலை மெஷினில் அவர் மனைவி, ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்ட டீ ஏடு படிந்து பக்கத்திலேயே கிடந்தது.

"நம்ம விலைக்கு எவனாலயும் தர முடியாதுங்க. அப்பவும் எனக்குப் பைக்கு முப்பது ரூபா நிக்குது. எதிர்ப் பட்டறைக்காரன் பொண்டாட்டிக்கே சம்பளம் எழுதுறவன்! அவன் எப்படிங்க விலையைக் குறைப்பான்?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதே விலைக்கு இரண்டு மடங்கு ஆர்டர் என்று பேச்சு முடிந்தது.

மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"டாக்டர் தோளுக்கு ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்காரு. ஜிப் தைக்க ஒரு ஆள் போடுங்க."

"ஆள் போட்டா லாபம் எங்கடி இருக்கும்?"

"அப்ப இத்தனை நாளா லாபம் எங்கேருந்து வந்துச்சு?"

துணி, ஜிப், நூல், கரண்ட், இரண்டு தையல்காரர்கள் சம்பளம் என்று எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணும் மகாமனிதருக்கு இந்தக் கேள்வி மட்டும் காதில் ஏறவில்லை. துணி வெட்டி, ஜிப் தைத்து, பிசிறு நறுக்கி, மூட்டை கட்டுகிறவள் அந்த விரல்கள் எதிலும் இல்லை.

"வாய் ரொம்ப நீளுது. சம்பளம் கேக்க நீ என்ன வேலைக்காரியா? வீட்டுக்காரி!"

மறுநாள் அவள் எதிர்ப் பட்டறையில் சேர்ந்துவிட்டாள். அங்கே தையல் இல்லை. தைத்த பைகளைச் சரிபார்க்கிற வேலை, மாதச் சம்பளம். வீட்டில் சமையலை நிறுத்தவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள்.

"எத்தனை நாளைக்குன்னு பாக்குறேன்" என்று முதலாளி கறுவினார். அவள் இடத்துக்கு ஓர் ஆள் வந்தான். போதவில்லை. இன்னொருவனும் வந்தான். மாதக் கடைசியில் இருவருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டுப் பார்த்தால் பைக்கு எட்டு ரூபாய் கையைக் கடித்தது. ஆர்டரோ இரண்டு மடங்கு. விலையை ஏற்றித் தரும்படி போனில் கெஞ்சினார்.

"முப்பது ரூபா நிக்குதுன்னு நீங்கதானேங்க சொன்னீங்க?" மொத்த வியாபாரி போனை வைத்துவிட்டார்.

தலைக்கேறிய கோபத்தோடு எதிர்ப் பட்டறை வாசலில் போய் நின்றார்.

"குடும்ப மானத்தை வாங்குறியேடி! உன்னால என் பட்டறையே நஷ்டத்துல ஓடுது!"

உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"என்னால இல்ல. அது என்னைக்குமே நஷ்டத்துலதான் ஓடுச்சு. என் தோளை வச்சு நீங்க அதை மறைச்சீங்க."

அவர் குரல் இறங்கியது. "சரி, உனக்கும் சம்பளம் போடுறேன். வா."

"மொதல்ல விலையைத் திருத்துங்க, அப்புறம் கூப்பிடுங்க. வீட்டு ஆள் உழைப்பைச் செலவுல சேக்காம லாபம்னு சொன்னா, அதுக்குப் பேரு லாபம் இல்லீங்க. திருட்டு."