ஆயுள்வரை இருக்க ஒரு வீடு

அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, வீட்டை முழுசாக மனைவி பேரில் உயில் எழுதப் போவதாகச் சொன்னார். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற தொனிதான். ஆனால் முகத்தில் பெருமை வழிந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஐம்பத்தெட்டு வயதில் அவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு அது இரண்டாம் கல்யாணம், அவளுக்கு முதல். ஏழு வருடம் ஓடிவிட்டது. முதல் மனைவி வாழ்ந்ததும், கண்ணை மூடியதும் அதே வீட்டில்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்ததும் அங்கேதான். மகனுக்குக் கப்பலில் வேலை. எதற்கும் "சரிப்பா" என்பான். மகள் உள்ளூரிலேயே கணக்கு டீச்சர். இவளிடம் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வந்தால் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

மகள் என்ன நினைப்பாள் என்று இவள் கேட்டதற்கு அவர், "நான் போனப்புறம் உன்னை யாரும் வெளிய போன்னு சொல்லிடக் கூடாது. அவ்வளவுதான்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

வக்கீல் அம்மாவின் அறை மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. நாற்காலிமேல் இருந்த ஃபைல்களைத் தரைக்கு மாற்றி இருவரையும் உட்காரவைத்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டு, அவரை விட்டுவிட்டு இவளைப் பார்த்துக் கேட்டாள்: "மேடம், உங்களுக்கு அப்புறம் வீடு யாருக்குப் போகும்?"

"அவ என் பிள்ளைங்களுக்கே எழுதி வெச்சிடுவா" என்றார் அவர் முந்திக்கொண்டு.

நாளைக்கு மேடம் மனசு மாறித் தங்கை குடும்பத்துக்கு எழுதிவிட்டால், உங்கள் பிள்ளைகள் கோர்ட் வாசலில் நிற்கவேண்டியதுதான் என்றாள் வக்கீல். தங்கை மகன்கள் நல்ல பையன்கள். ஆனால் வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பார்களா என்று இவளுக்கே தோன்றியது.

வேறு வழியும் இருந்தது. வீடு பிள்ளைகளுக்கு, அவள் உயிரோடு இருக்கும்வரை அதில் வாழும் உரிமை அவளுக்கு. யாரும் விற்க முடியாது, போகச் சொல்லவும் முடியாது. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. கட்டினவளை வாடகைக்காரி மாதிரி வைப்பதா என்று நாலு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"எனக்கு வீடு சொந்தமா வேண்டாங்க. அதுல இருக்கணும். ரெண்டும் வேற."

கையெழுத்துக்கு முன் பிள்ளைகளிடம் சொல்லிவிடவேண்டும் என்றும் சொன்னாள். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். கடைசியில் அவளே போன் செய்து கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மகன் போன் திரையில் ஆடி ஆடித் தெரிந்தான். அவர் சொல்லி முடித்ததும் மகள் கொஞ்சநேரம் மேசை விரிப்பையே நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு வக்கீலைப் பாத்தேன். எல்லாத்தையும் இவங்களுக்கு எழுதப் போறதா நீங்க அத்தைகிட்ட சொன்னீங்களாம். தடுக்க வழி இருக்கான்னு கேக்கப் போனேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. இவளுக்கும் முதலில் சுருக்கென்றது. பிறகு ஆச்சரியமாக, மனசு லேசானது. எங்கேயோ வலிக்கிறது என்று ஏழு வருடம் தடவிக்கொண்டிருந்தவளுக்கு, எக்ஸ்ரே படத்தில் விரிசல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

"உன் இடத்துல நான் இருந்திருந்தா ரெண்டு வக்கீலைப் பாத்திருப்பேன்" என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கழற்றிக் கீழே வைத்து, பேனாவை எடுத்தாள். கூரை ஒழுகினால் பழுது பார்ப்பது யார், இவள் ஆறு மாதம் தங்கை வீட்டில் போய் இருந்தால் உரிமை போய்விடுமா என்று கணக்குப் பாடம்போல ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அப்படி உரிமை போகக்கூடாது என்று மகளே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். திரையிலிருந்து "சரிப்பா" என்று குரல் வந்தது.

மருந்துக்கடைக்காரரும் பக்கத்து அறை டைப்பிஸ்டும் சாட்சி. கையெழுத்துப் போடும் முன் அவர் அச்சகப் பழக்கத்தில் உயிலை எழுத்தெழுத்தாகப் படித்து ஒரு பிழை கண்டுபிடித்தார். அதைத் திருத்தித் திரும்ப அச்செடுத்து வந்தபிறகுதான் பேனாவைத் தொட்டார்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார். உயிலைப் படிக்கப் பத்து நிமிடம் ஆனது. கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. மகள் இரண்டு வாரம் தங்கினாள். இருவரும் அவர் சட்டைகளை மடித்து, எதை யாருக்குக் கொடுப்பது என்று பேசியபடியே அழுதார்கள்.

மறு மாதம் இவள் தன் பங்குக்கு அதே வக்கீலிடம் போனாள். சேமிப்பைத் தங்கை பிள்ளைகளுக்கு எழுதினாள். கடைசித் தாளில், தனக்குப் பேச முடியாமல் போனால் வைத்தியம் பற்றி முடிவெடுப்பவர் பெயர் என்று ஒரு கோடு காலியாக இருந்தது. வெளியே வந்து மாடிப்படியில் நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"என் பேரையே எழுதுங்க" என்றாள் மகள். "ஆனா வண்டி நிறுத்த இடம் இருக்கற ஆஸ்பத்திரியா பாத்துப் படுத்துக்குங்க."