அக்காவின் மணிக்கட்டில் நாளை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு என் அக்கா அதைக் கையோடு கொண்டுவந்தாள். அவள் கொண்டுவந்ததாக நினைத்தது ஒரு ராஜினாமாக் கடிதம். வீட்டில் ஒருவன் கதை எழுதினால், விண்ணப்பம், புகார், இரங்கல் செய்தி எல்லாம் அவன் தலையில்தான் விழும். "பிழை திருத்திக் குடுடா" என்று நீட்டினாள்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அக்காவின் கைக்கடிகாரம் வெள்ளி நிறம். அதில் தேதிக்கு ஒரு சின்னச் சன்னல். அந்தச் சன்னல் வழியே காலம்...'

(சன்னல் வந்த உடனே காலமும் வந்து உட்கார்ந்துவிட்டது. வேண்டாம்.)

'மறதி என்பது ஒரு...'

(எனக்குத் தெரியாது. எங்கள் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலையில் அவள் கடைசியில் இல்லை.)

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் இப்போது படிப்பது.

2

அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை. குழாயைக் கையில் எடுத்ததும் அளவு குறைவா சரியா என்று சொல்லிவிடுவாள். அவள் கையெழுத்தைப் பார்த்தால் டாக்டர்கள் மறு கேள்வி கேட்பதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு, பதிவேட்டில் அவள் முதல் நாள் சாயங்காலம் எழுதிய பக்கத்தில் மறுநாள் தேதி இருந்தது. கூட வேலை பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே காட்டினாள். அக்காவும் சிரித்தாள். நாலு நாள் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நாலாவது தடவை தேதி பொருந்தாமல், ஒரு நோயாளியின் இரத்த மாதிரி யாருடையது என்று தெரியாமல் அரை நாள் கிடந்தது. அவரிடம் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

*எங்கள் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் முதலில் போனது தேதிதான். அப்புறம் கிழமை. அப்புறம் பெயர்கள். கடைசி வருடம் அவள் அக்காவை "நர்சம்மா" என்று கூப்பிட்டாள். அக்கா "சொல்லுங்க" என்பாள். இதை அடிக்குறிப்பாகத்தான் எழுத முடிகிறது. கதைக்குள் விட்டால் கதை முழுக்க அம்மாவாகிவிடும்.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரரிடம்கூட. ஞாபகசக்தி டாக்டரிடம் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினாள். அதற்கு முன்னால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள்.

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே எதுக்குக்கா?"

"இன்னொரு ஆளுக்கு ரெண்டாவது தடவை ஊசி குத்த வைக்கணுமா? அம்மா மாதிரி எல்லாரும் பாத்துப் பரிதாபப்படுற வரைக்கும் உக்காந்திருக்கணுமா? நானே எந்திரிச்சுப் போறேன்."

3

கடிதத்தில் பிழையே இல்லை. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், எழுதினாள்: 17.

"அக்கா, இன்னைக்குப் பதினாறு."

அவள் முகம் வெளிறியதை எழுத எனக்கு நாலு உவமைகள் தோன்றின. நாலையும் அடித்துவிட்டேன். பேனாவை மூடினாள், அவ்வளவுதான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி மூடினாள்.

"பாத்தியா? உன் கண்ணு முன்னாடியே."

நான் அவள் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். சன்னலில் 17 என்றுதான் இருந்தது.

"நீ சரியாத்தான் படிச்சிருக்க. வாட்ச்தான் தப்பு."

"இல்லடா. காலைல கிளம்புறப்ப காலண்டரை வச்சுப் பாத்தேன். பதினாறுதான் காட்டுச்சு. தினமும் பாக்கறேன். தினமும் சரியாத்தான் இருக்கு. அப்ப தப்பு என்கிட்டதானே?"

(வாசகரே, உங்களில் சிலருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. பயந்துபோன இரண்டு பேருக்குக் கணக்கு வராது.)

4

தெருமுனையில் கடிகாரம் பழுது பார்க்கும் பெண்ணின் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, இரண்டு முக்காலி. ஒரு கண்ணில் உருப்பெருக்கியை மாட்டியபடியே எங்களைப் பார்த்தாள். அந்தக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"காலைல சரி, மத்தியானத்துக்கு மேல தப்பு. அப்படித்தானேம்மா?"

"ஆமா."

"கழட்டுங்க."

பக்கத்துக் குமிழை முழுசாக வெளியே இழுத்து, முட்களை முன்னோக்கிச் சுற்றினாள். பன்னிரண்டு வந்தது, போனது. தேதி அசையவில்லை. இன்னொரு சுற்று. மறுபடி பன்னிரண்டை நெருங்கும்போது 17 மெல்ல நகர்ந்து 18 ஆனது.

"இதுக்கு இதான் நடுராத்திரி. முள்ளுக்குப் பகலும் ராத்திரியும் ஒண்ணுதாம்மா. உள்ள இருக்குற தேதிச் சக்கரத்துக்குத்தான் தெரியும். யாரோ பன்னெண்டு மணி நேரம் மாத்தி வச்சிருக்காங்க. அதனால உங்களுக்குப் பகல் பன்னெண்டுக்கே நாளைக்கு வந்துருது. வேற ஒரு கோளாறும் இல்ல."

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குமா?"

கடைக்காரப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இந்த இடத்தில்தான் முதல் பிரதியில் ஒரு பாத்திரத்தை உருவாக்கினேன். அக்காவின் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றிக் கொடுத்த, அவசரக்காரனான, வாயில் எதையோ மென்றுகொண்டே வேலை செய்கிற ஒரு கடைக்காரன். முட்களை அசட்டையாக வைத்தது அவன்தான் என்று எழுதினேன். நன்றாகவே வந்திருந்தான். ஆனால் அப்படி ஒருவன் இல்லை. பேட்டரி மாற்றியவர், "மணி வச்சுக்கோங்க" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார். மணி வைத்தது நான். மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, செய்தித்தாள் படித்துக்கொண்டே முட்களைப் பத்தில் நிறுத்தி, தேதியைத் தள்ளி வைத்து, "இந்தாக்கா" என்று கொடுத்தேன். கடிகாரம் அதை இரவு பத்து என்று எடுத்துக்கொண்டது.

அந்த ஆளைப் பிரதியிலிருந்து அடித்துவிட்டேன். கடையில் வைத்தே சொன்னேன்.

"அக்கா, அது நான்தான் வச்சது."

அவள் என்னைப் பார்த்தாள். மூன்று வாரம். நாலு பிழை. ஒரு நோயாளியின் கையில் கூடுதலாக ஒரு ஊசித் துளை. அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எருமை," என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரப் பெண் உருப்பெருக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே வைங்கம்மா. நான் சொல்றேன்," என்றாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குமிழைப் பிடித்தாள். தேதி மாறிய இடத்திலிருந்து விடியற்காலை, காலை எட்டு, பகல் பன்னிரண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றினாள். பன்னிரண்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்தாள். தேதி அசையவில்லை. நாலே முக்காலுக்கு வந்து நிறுத்தினாள். பிறகு குமிழைப் பாதி உள்ளே தள்ளித் தேதியை ஒவ்வொன்றாக, முப்பத்தொன்று வரை போய், ஒன்றிலிருந்து திரும்ப வந்து, பதினாறில் விட்டாள்.

"ராத்திரி ஒன்பதுக்கு மேல தேதியைத் தள்ளாதீங்க, சக்கரம் மாட்டிக்கும்," என்றாள் கடைக்காரப் பெண். என்னைப் பார்த்து, "நீங்க எப்பவுமே தள்ளாதீங்க சார்."

5

கடிதத்தை அக்கா பேருந்து நிறுத்தத்திலேயே கிழித்துவிட்டாள். மறுநாள் பொறுப்பாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். இப்போது பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேதி முத்திரை வைத்திருக்கிறார்களாம். இவ்வளவும் நடந்தது. பாக்கி இருப்பது செவ்வாய்க்கிழமை.

"டாக்டர்கிட்ட போகவா, வேண்டாமா? நீ என்ன எழுதுவ?" என்று நிறுத்தத்தில் கேட்டாள்.

ஒரு முடிவில் அவள் போகவில்லை. பயம் தீர்ந்துவிட்டது, அந்த நேரத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கிறாள். இன்னொரு முடிவில் போகிறாள். கடிகாரம் தப்பாக இருந்தது என்பதால் அம்மா நம் அம்மா இல்லை என்றாகிவிடாதே. டாக்டர் தேதி கேட்கிறார், அவள் மணிக்கட்டைப் பார்க்காமல்...

(இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் நான்தான் தெரிந்தேன், அவள் இல்லை.)

"தெரியலக்கா," என்றேன்.

"எழுதுறவனுக்கே தெரியலன்னா விடு. படிக்கிறவங்ககிட்ட கேளு," என்றாள்.

கேட்டுவிட்டேன். நீங்கள் எதைச் சொன்னாலும் சரி. அவளைப் பயந்தவளாக மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏனென்றால் பேருந்து வந்ததும் அவள் ஏறி, சன்னலோர இருக்கையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கையசைக்கலாம் என்று நான் கையைத் தூக்கினேன். வண்டி இன்னும் கிளம்பக்கூட இல்லை. அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள்.