அலமாரிக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

சிட்டு என்பது அவளுடைய பெயர் அல்ல. ஆள் குள்ளம், நடை துறுதுறு, பேச்சு கீச்சுக்கீச்சு என்பதால் பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டம். கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட "சிட்டம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி வீடு. குடிவந்த நாளிலிருந்தே அந்த வீட்டு அடுக்களைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். பட்டப்பகலில் விளக்கைப் போட்டால்தான் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியும். முன்பு இருந்தவர் பனைமர உயரமாம். தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரோடு சுவராக மூன்று மர அலமாரிகளைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். இரண்டு ஓரத்தில் இரண்டு சின்னது, நடுவில் கல்யாணப் பந்தல் மாதிரி ஒன்று. மேல்தட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுக்க வேண்டுமென்றால் சிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி, நுனிக்காலில் நின்று, தடவ வேண்டும். பல நாள் டம்ளருக்குப் பதிலாகக் கரப்பான்பூச்சிதான் கையில் அகப்படும்.

ஒருநாள் பஸ்ஸுக்காக நின்றபோது சும்மா அண்ணாந்து தன் கட்டடத்தைப் பார்த்தாள். நான்காவது மாடியில் ஓர் அம்மாள் ஜன்னலோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே அதே இடத்தில் இன்னொரு ஜன்னல், கண்ணாடியில் அழுக்கேறி, உள்ளே ஒன்றும் தெரியாமல். அதற்குக் கீழே இன்னொன்று. அதில் ஒரு துண்டு காய்ந்தது. சிட்டு விரல்விட்டு எண்ணினாள். நடுவில் இருக்கும் அழுக்கு ஜன்னல் தன் வீட்டுடையது. அதுவும் அடுக்களை இருக்கிற இடத்தில்!

பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை.

"ஏங்க, நம்ம அடுக்களையில ஒரு ஜன்னல் இருக்கு தெரியுமா?" என்று போனில் கேட்டாள்.

கணவர் பஸ் ஓட்டுநர். பணிமனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நம்ம அடுக்களையிலயா? எங்க இருக்கு?"

"அந்தப் பெரிய அலமாரிக்குப் பின்னால. பாவி மனுஷன் ஜன்னல மூடி அலமாரி மாட்டியிருக்கான்."

"சரி, ஞாயித்துக்கிழமை ஒரு ஆள கூட்டிட்டு வந்து பாக்கலாம்."

"எந்த ஞாயித்துக்கிழமை? வருஷத்துக்கு அம்பத்திரண்டு இருக்கு."

அந்தக் குரலின் உள்ளர்த்தம் அவருக்குத் தெரியும். அவள் தனியாக ஏறிக் கைகாலை உடைத்துக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தார். வண்டியை எடுக்க வேண்டிய நேரம் வேறு. வேறு வழியில்லாமல் தன் தங்கைக்குப் போன் போட்டார். "பாப்பா, உடனே வீட்டுக்குப் போ. அவள எப்படியாவது தடுத்து நிறுத்து."

பாப்பா என்று அழைக்கப்பட்டவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். அவளுக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. காரணம் ஒரு தலைமுடி. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள், "அண்ணி, சும்மா நுனிய மட்டும் சரி பண்றேன்" என்று கத்தரியை எடுத்தாள் பாப்பா. இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதென்று அந்தப் பக்கம், அந்தப் பக்கம் அதிகமாகிவிட்டதென்று இந்தப் பக்கம் என வெட்டி வெட்டி, கடைசியில் இடுப்பைத் தொட்ட முடி காதைத் தொட்டு நின்றது. கல்யாணப் படங்களில் பட்டுப்புடவை கட்டிய பையன் மாதிரி சிட்டு நிற்பாள். அன்றோடு முடிந்தது உறவு. "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க", "உங்க பொண்டாட்டிகிட்ட கேளுங்கண்ணா" என்று நடுவில் அண்ணன்காரர் தபால்காரராக அலைந்துகொண்டிருந்தார்.

பாப்பா வந்தபோது வீடு பாத்திரக்கடையாகியிருந்தது. அலமாரிச் சாமான்கள் சோபாவில், கட்டிலில், நாற்காலியில், தொலைக்காட்சியின் தலைமேல் எல்லாம் உட்கார்ந்திருந்தன. இடம் போதாமல் கண்ணாடிக் குவளைகளும் பீங்கான் தட்டுகளும் பெரிய அலமாரிக்கு நேர்கீழே, அடுப்பு மேடைமேல் கோபுரமாக அடுக்கியிருந்தன. சிட்டு ஸ்டூல்மேல் நின்று, காய்கறிக் கத்தியின் முனையால் ஒரு திருகாணியோடு மல்லுக்கு நின்றாள்.

நாத்தனாரைப் பார்த்தாள். திரும்பவும் திருகாணியைப் பார்த்தாள்.

பாப்பா தடுக்கத்தான் வந்தாள். வாயைத் திறந்தாள். ஆனால் கத்தி வழுக்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை நமநமத்தது. யாரிடமும் என்றில்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கத்தியால திருகாணி கழட்டுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சிட்டுவும் அலமாரியைப் பார்த்துச் சொன்னாள்: "கத்தரியால அநியாயம் பண்றத நான் எப்பவோ பாத்துட்டேன்."

பாப்பா விருட்டென்று வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிட்டு நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து பேட்டரியில் ஓடும் திருப்புளியோடு திரும்பி வந்தாள். பார்லரில் கண்ணாடி மாட்ட வாங்கியது. முதலில் கதவுகள் கீலோடு கழன்றன. பிறகு உள்தட்டுகள். ஓரத்துச் சின்ன அலமாரிகள் இரண்டும் வெண்ணெயில் கத்தி போல இறங்கிவிட்டன. இறக்கியதையெல்லாம் தங்களுக்குப் பின்னாலேயே தரையில் வைத்தார்கள். அதுவரை பேச்சு "பிடி", "விடு", "ம்" என்ற அளவில்தான்.

நடு அலமாரியில் எல்லாத் திருகாணியும் கழன்றாயிற்று. அலமாரி அசையவில்லை. பழைய பெயின்டும் பசையும் சேர்ந்து சுவரோடு ஒட்டிக்கிடந்தது. இந்த ஓரத்தில் ஸ்டூல்மேல் சிட்டு, அந்த ஓரத்தில் நாற்காலிமேல் பாப்பா.

"லேசா ஒரு குத்து குத்தினா வந்துரும்," என்றாள் பாப்பா. குத்தினாள்.

வந்தேவிட்டது. மொத்த அலமாரியும் சுவரைவிட்டுக் கழன்று நாலு உள்ளங்கைகளிலும் இரண்டு தலைகளிலும் உட்கார்ந்தது.

"பிடிச்சுக்கோ!"

"பிடிச்சுட்டேன் அண்ணி, நீங்க விட்றாதீங்க!"

அப்போதுதான் இருவருக்கும் நிலைமை உறைத்தது. கீழே இறக்கினால் பீங்கான் கோபுரம் பொடியாகும். பின்னால் கால் வைக்கலாமென்றால் கழற்றிப்போட்ட அலமாரியும் கதவும் கிடக்கின்றன. ஒருத்தி கையை எடுத்தால் இன்னொருத்தி காலி. பொறியில் மாட்டிய எலிகள்கூடக் கொஞ்சம் அங்குமிங்கும் நகரும். இவர்களால் அதுவும் முடியாது.

கூடத்தில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"உங்க அண்ணன்தான். நீ என்னைத் தடுத்துட்டியான்னு கேக்க," என்றாள் சிட்டு.

"தடுத்துட்டேன்னு சொல்லலாம். உங்களால அசைய முடியாதே இப்ப."

சிட்டுவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கினாள். அலமாரி லேசாக ஆடியது.

"கீழ் வீட்டுச் சத்தம் சார் வருவாரு," என்றாள். கீழ் வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற நூலகர். ஆயுசு முழுக்க "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே பழகியவர். மேலே கரண்டி விழுந்தால் போதும், கையில் இருக்கும் சோற்றைக்கூட உதறிவிட்டு ஏறி வந்துவிடுவார். "இவ்வளவு இடிச்சிருக்கோம், இன்னும் ஆளக் காணோம்."

"வேணாங்கறப்ப வருவாங்க, வேணுங்கறப்ப வரமாட்டாங்க. மனுஷ ஜாதியே அப்படித்தான். காலால உதைங்க அண்ணி."

சிட்டு ஒரு காலால் அடுப்பு மேடைக்கு அடியில் இருந்த கதவை உதைத்தாள். டமார், டமார் என்றது. யாரும் வரவில்லை. கை வலித்தது. பேசாமல் இருந்தால் வலி இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

"அந்தக் கல்யாணப் படத்துல," என்று பாப்பாவே ஆரம்பித்தாள், "உங்க முடி..."

"அத மட்டும் பேசாத. அலமாரிய விட்டுருவேன்."

"கேளுங்க அண்ணி. அந்தப் படத்த பார்லர்ல மாட்டியிருக்கேன். வர்ற பொண்ணுங்க அதக் காட்டி, இதே மாதிரி வெட்டி விடுங்கன்னு கேக்குறாங்க. உங்ககிட்ட சொல்லலாம்னா நீங்கதான் மூஞ்சிய திருப்பிக்கிறீங்களே."

"பொய் சொல்ற."

"சத்தியமா."

"எங்க, தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"கைய எடுத்தா அலமாரி உங்க தலைமேல விழும். பரவால்லயா?"

இந்தத் தடவை சிட்டுவால் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்துப் பாப்பாவும். கூடவே அலமாரியும் குலுங்கியது. "ஐயோ சிரிக்காத!" "நீங்க மொதல்ல நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே இருவரும் கண்ணில் நீர்வழியச் சிரித்தார்கள். துடைக்கவும் வழியில்லை.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

"திறந்துதான் இருக்கு, வாங்க!" என்று இரண்டு குரலும் ஒன்றாகப் பாய்ந்தன.

சத்தம் சார் உள்ளே வந்தார். தலை சொட்டச்சொட்ட நனைந்து, காதோரம் சோப்பு நுரை. குளியலறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். "ஒரு மனுஷன் நிம்மதியா குளிக்கக்கூட..." என்று தொடங்கியவர், தூக்கிய கைகளையும் அலமாரியையும் பார்த்து வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"சார், கீழ இருக்கிற பாத்திரத்த எல்லாம் எடுத்துருங்க. சீக்கிரம்!"

மனுஷர் நல்லவர்தான். ஆனால் சீக்கிரம் என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. ஒரு குவளையை இரண்டு கையாலும் எடுப்பார். சத்தம் கேட்காதபடி கூடத்துத் தரையில் வைப்பார். திரும்பி வந்து அடுத்த குவளை.

"ரெண்டு ரெண்டா எடுங்க சார்!"

"ஒண்ணோட ஒண்ணு இடிச்சா கீறல் விழும்மா."

"கீறல் விழட்டும் சார், எங்க கை விழுந்துரும் போலிருக்கு!" என்று பாப்பா அலறினாள்.

அதன்பிறகு தட்டுகளை மட்டும் மொத்தமாகத் தூக்கினார். மேடை காலியானதும் அவரும் அலமாரியின் வயிற்றில் கை கொடுத்தார். மூவருமாக இறக்கினார்கள். அது மேடையில் உட்கார்ந்தபோது அக்காள் தங்கை போல இரண்டு பெண்களும் அப்படியே தரையில் சரிந்து, மரத்துப்போன கைகளை ஒருவருக்கொருவர் பிடித்துவிட்டார்கள்.

கைவலி ஆறியதும் மூவருமாக அலமாரியைக் கூடத்துக்கு நகர்த்தினார்கள். சுவரில் ஒரு பலகை அடித்திருந்தது. அதை வீட்டில் கிடந்த சுத்தியலின் பின்முனையால் நெம்பினாள் பாப்பா. பலகை விழுந்தது. பின்னால் ஒட்டடையும் செத்த வண்டுகளுமாக ஒரு ஜன்னல். அழுக்குக் கண்ணாடி வழியே வெயில் பழுப்பாக விழுந்தது. ஜன்னல் கொக்கியைத் திருகிப் பார்த்தாள் சிட்டு. நகரவில்லை. பாப்பா தள்ளினாள். நகரவில்லை.

"எங்க வீட்லயும் இதே ஜன்னல்தான். இருங்க, பாத்துட்டு வர்றேன்," என்று சத்தம் சார் படியிறங்கி ஓடினார். அவர் ஓடிப் பார்த்ததில்லை அந்தக் கட்டடத்தில் யாரும். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "மேல தூக்கிட்டுத் தள்ளணும். தூக்காம தள்ளினா நகராது."

சிட்டு தூக்கித் தள்ளினாள். பல்லைக் கடிப்பதுபோல் ஒரு ஓசை. பிறகு ஜன்னல் இரண்டாகத் திறந்து வெளிப்பக்கம் விரிந்தது. தெருவின் இரைச்சலும் காற்றும் ஒன்றாக உள்ளே நுழைந்தன. நான்காவது மாடியில் யாரோ தாளிக்கிற வாசனையும் கூடவே இறங்கி வந்தது. மேடைமேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு முதல்முறையாகப் பளிச்சென்று தெரிந்தது.

"அட கஷ்டமே, இவ்வளவு அழுக்கோடயா இத்தன நாள் சமைச்சேன்?" என்றாள் சிட்டு. உடனே துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்கிறவள் முகத்தில் பெருமை பூத்திருந்தது.

சாயங்காலம் கணவர் காக்கிச் சட்டையோடு வந்து சேர்ந்தார். சோபாவில் குக்கர், கட்டிலில் அண்டா, தரையில் வரிசையாகக் குவளைகள். அடுக்களை வாசலில் மனைவியும் தங்கையும் கீழ்வீட்டுக்காரரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குப் பதில் இல்லாமல் வழிநெடுகப் பதறிக்கொண்டு வந்தவர் கோபப்படலாமா, நிம்மதியடையலாமா என்று தெரியாமல் நின்றார்.

"பாப்பா, உன்ன எதுக்கு அனுப்பினேன்?"

"அண்ணா, அங்க நிக்காதீங்க, தட்டு இருக்கு. சட்டைய மாத்திட்டு வாங்க, வேலை கிடக்கு."

சட்டையை மாற்றவும் விடவில்லை. சின்ன அலமாரிகள் இரண்டையும் சிட்டு கைக்கு எட்டுகிற உயரத்தில், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் அவர்தான் மாட்டினார். பெரியது பார்லருக்குப் போவதென்று முடிவானது. மறுநாள் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். இறக்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் அது சிக்கிக்கொள்ள, வீட்டுக்கு ஒருவராக வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னது தனிக்கதை.

அடுக்களைச் சுவரில் இப்போது ஓட்டைகளை அடைத்த வெள்ளைத் திட்டுகள் மட்டும் இருக்கின்றன. பெயின்ட் அடிக்க வேண்டும். சிட்டுவுக்கு மஞ்சள்தான் வேண்டும். "மஞ்சள்ல எண்ணெக்கறை தெரியும் அண்ணி, இளம்பச்சை அடிங்க," என்கிறாள் தினமும் வந்துபோகும் பாப்பா. சுவர் என்றால் வெள்ளைதான் என்பது சத்தம் சாரின் கட்சி. டீ குடிக்க வருகிற சாக்கில் அதைச் சொல்லாமல் போவதில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் ஜன்னல் வழியே பஸ் நிறுத்தம்வரை கேட்கிறது. கணவர் இன்னும் பெயின்ட் டப்பா வாங்கவில்லை.