எண்ணெய் ஒட்டாத கவுதெ

அந்த மார்ச்சில் லாரி மெக்கானிக் கவுதெயை விட்டு எண்ணெய் விலகிப்போனது. அவன் தடவிய வெண்ணெய் ரொட்டியில் நிற்காமல் வழுக்கி மேசைக்கு இறங்கியது. அவன் பக்கத்தில் வந்தாலே கதவுக் கீல் வறண்டு, அசைத்தால் அலறியது. டீசல் விலை ஏறியதும் அதே வாரம்தான்.

காரணம் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். ஆயுள் முழுக்க மரம் ஏற்றிய ஒட்வார், தன் சவப்பெட்டி தன் நீல லாரியில்தான் தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்று மனைவி தூரிடிடம் சொல்லிவிட்டுச் செத்தார். லாரியோ பன்னிரண்டு வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. அப்படி நின்ற எஞ்சினில் எண்ணெயெல்லாம் அடியில் இறங்கி, பேரிங்குகள் காய்ந்திருக்கும். புது எண்ணெயை அடுப்பருகே வைத்து இளக்கி, கைப்பம்பால் உள்ளே ஏற்றி, டீசலை அடைத்துவிட்டு, எண்ணெய் அழுத்த மீட்டரின் முள் எழும்பும்வரை எஞ்சினை வெறுமனே சுற்றவிட வேண்டும். அதன் பிறகே கிளப்பலாம். ஒரு ஞாயிறு முழுக்கப் பிடிக்கிற வேலை; அடக்கத்துக்கு முந்தைய ஞாயிறு செய்துவைக்கும்படி தூரிட் கவுதெயிடம் ஒப்படைத்தார். அந்த ஞாயிறு தொலைக்காட்சியில் ஐம்பது கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி.

"எண்ணெய் ஏத்திட்டியா, கவுதெ?" என்று சாயங்காலம் தூரிட் கேட்டார்.

"அதெல்லாம் ஆச்சு, தூரிட். நீங்க கவலைப்படாம இருங்க."

அடக்கத்தன்று லாரி சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. தேவாலய மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சினுக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது; வண்டி அப்படியே இறுகி நின்றது. கைக்குக் கிடைத்தது எரு அள்ளும் டிராக்டர் ஒன்றுதான். ஒட்வார் சாணி நாற்றத்தோடு போய்ச் சேர்ந்தார். "பழைய வண்டி, என்ன பண்றது" என்று கவுதெ கையை விரித்தான். அப்போது நாங்களும் நம்பினோம்.

அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது பேச்சு பனிச்சறுக்குப் பக்கம் போனது. கவுதெயின் வாய் சும்மா இருக்குமா?

"சறுக்குக் கோல் ஒடிஞ்சதும் அந்த ஸ்வீடன்காரன் மூஞ்சியப் பாக்கணுமே! ஆரம்பத்துலருந்து நான் கண்ணையே எடுக்கல."

தூரிட் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆரம்பத்துலருந்தா?"

கவுதெயின் ரொட்டியிலிருந்த வெண்ணெய் இறங்கி, மேசையைக் கடந்து, தூரிடின் தட்டருகே போய் நின்றது. அவன் காது வரை சிவந்தான். எங்களுக்கே பார்க்கக் கூசியது.

பிறகு பல வருடம் அந்த எஞ்சினைச் சரிசெய்யப் பார்த்தான். ஊற்றிய எண்ணெய் கேனுக்கே திரும்பி ஏறியது. பட்டறையை மூடிவிட்டு விறகு பிளக்கப் போனான். தேவாலயத்துக்குள் அவன் நுழைந்தால் கதவு, மேட்டில் கேட்ட அதே அலறலை அலறும். தூரிட் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் வெளியிலேயே, பனியில் நின்று பாட்டைக் கேட்டான். ஒரு ஜனவரியில், பாட்டு நடுவே, தூரிட் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து, அது அசையாதபடி கல்லை முட்டுக்கொடுத்தார்.

"உள்ள வா."

"நான் பொய் சொன்னேன், தூரிட். டிவி முன்னாடி உக்காந்திருந்தேன்."

"தெரியும். வா, எல்லாருக்கும் குளிருது."

இப்போது அவன் வருகிற ஞாயிறுகளில் கதவு திறந்தேதான் இருக்கும். நாங்கள் கோட்டைக் கழற்றாமல் பாடுகிறோம். கவுதெ கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். முன்வரிசையில் யாராவது குளிரில் இருமினால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வான்.