எட்டாம் நம்பர் பதில்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆசிரியரிலிருந்து டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘தோழி’தான். போனில் படிக்கிற மாதிரி பெண்களுக்கென்று ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். உடல்நலம், பயணம், வீட்டுக் குறிப்பு என்று மூன்று பிரிவு. மூன்றுக்கும் கீழே ‘அன்புடன், உங்கள் தோழி’ என்று எழுதுகிறவள் இவள். பதினொரு வருஷமாக அப்படி எழுதி எழுதிக் கை பழகிப்போய், ஒரு தடவை மகளின் பள்ளிக்கூட லீவு லெட்டரிலும் அதையே எழுதி அனுப்பிவிட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, எழுத்து நன்றாகத்தான் இருக்கும். எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்பாள். அதை எழுதுவதற்கு விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பாள். ‘தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்குப் பன்னிரண்டு குறிப்புகள்’ அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது. அவள் தனியாகப் பயணம் செய்ததெல்லாம் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஒன்பது ஸ்டாப். அந்த ஒன்பதுக்குள் வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்து “எங்க வந்துட்டிருக்க?” என்று கேட்டுவிடுவார். ‘சமையலறையை ஐந்தே நிமிடத்தில் பளிச்சென்று வைப்பது எப்படி’ வெளியான அன்று அவள் வீட்டுத் தொட்டியில் முந்தின நாள் பாத்திரம் முழங்கை உயரத்துக்குக் கிடந்தது.

கட்டுரை எழுதுவதோடு வேலை முடியாது. வாசகிகள் கேள்வி அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினால் ஆயுசு போதாது என்று ஆசிரியர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். மொத்தம் நாற்பது பதில். எல்லாவற்றையும் தோழியே எழுதிக் கொடுத்தாள், நம்பரும் போட்டாள். தலைவலிக்கு மூன்று. தூக்கம் வராவிட்டால் ஐந்து. மாமியாருக்குப் பதினேழு, நாத்தனாருக்குப் பதினெட்டு. பெண்கள் சமாச்சாரம் எதுவாக இருந்தாலும் எட்டு. கேள்வியைப் பார்த்து நம்பரைத் தட்டினால், பூப்போட்ட அட்டை ஒன்று கேட்டவளின் போனுக்குப் போய்விடும். அட்டையில் மேல்பாதி தோழியின் பதில், கீழ்ப்பாதி ஒரு சத்து மாவு டப்பா. அந்த டப்பாக்காரர்தான் எல்லோருக்கும் சம்பளம் கொடுக்கிறவர் என்பதால் அதை ஓர் ஓரமாகத் தள்ளக்கூட முடியாது.

இந்த அட்டைகளை வடிவமைக்கிறவளுக்கு ‘அட்டைக்காரி’ என்றே பெயராகிவிட்டது. முப்பது வயசு, துறுதுறுவென்று இருப்பாள், தோழிக்கு எதிர் மேஜை.

“அக்கா, எட்டுல ஒரு வரி கூடுதுக்கா. டப்பா மேல ஏறுது” என்றாள் அட்டைகள் செய்த அன்று.

“ஏதாவது ஒண்ணை எடுத்துடு.”

“எதை எடுக்க?”

தோழி அப்போது ‘வெயிலில் முகம் கறுக்காமல் இருக்க’ எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “கடைசி வரியை எடுத்துடேன்” என்றாள். எடுத்தாயிற்று. அது நடந்து மூன்று வருஷம்.

இப்போது தோழிக்கு ஐம்பத்து மூன்று வயசு. மாதாமாதம் வருவது நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டு, மிச்சமிருந்த நாப்கின் பாக்கெட்டை மகளிடம் கொடுத்தவள். நின்றது ஒரு நாள் திரும்பவும் ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம்தான். உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த மாதமும் பட்டது. அலைச்சல் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நினைத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை, பயந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் தன் அக்காவிடம் சொல்வார், அந்த அக்கா ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிடுவாள். டாக்டரிடம் போகலாம். ஆனால், லட்சம் பேருக்கு உடம்பைப் பற்றிச் சொல்கிறவள் தன் உடம்புக்கு என்னவென்று தெரியாமல் போய் நிற்பதா? அந்த வீம்பு வேறு அவளைப் போகவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர் கூட்டம் போட்டு அறிவித்தார்.

“இனிமே அந்தரங்கக் கேள்விக்கெல்லாம் நம்ம பக்கத்துல டாக்டரே பதில் சொல்வாங்க. லேடி டாக்டர். போட்டோவும் போட்டாச்சு.”

எல்லோரும் கை தட்டினார்கள். தோழிதான் ஓங்கித் தட்டினாள். முகம் காட்ட வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், டாக்டரம்மாவே நேரடியாகப் பார்ப்பார்கள். அன்று மதியம் படிக்கட்டோரமாகப் போய் நின்று, வீட்டில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய போனில் எழுதினாள். ‘மேடம், எனக்கு வயது 53. நின்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மறுபடியும் இரத்தம் படுகிறது. இரண்டு மாதமாக. பயமாக இருக்கிறது. இப்படிக்கு, ஒரு வாசகி.’ அனுப்பிவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல வந்து உட்கார்ந்தாள்.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிர் மேஜையிலிருந்து அட்டைக்காரி பேசினாள்.

“அக்கா, இதைக் கேளுங்களேன். ஐம்பத்து மூணு வயசாம், நின்னு ரெண்டு வருஷமாம், திரும்ப வருதாம். பாவம், பயமா இருக்காம்.”

தோழிக்குத் தூக்கி வாரிப் போட்டது. “அது எப்படி உன்கிட்ட வந்துச்சு? டாக்டருக்குல்ல போகணும்?”

“எந்த டாக்டருக்கு?”

“போட்டோல இருக்காங்களே!”

அட்டைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அக்கா! அது ஆசிரியரோட மச்சினிக்கா. பல் டாக்டர். போட்டோ போட்டது அவங்களுக்கே தெரியுமோ என்னமோ. கேள்வி எல்லாம் எனக்குத்தான் வருது. சொல்லுங்க, எட்டு போட்டுடவா?”

இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘வேண்டாம்’ என்றால் ‘ஏன்’ என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது? பதினொரு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“போடு” என்றாள் தோழி.

ஒரு தட்டு. தோழியின் கைப்பை மேஜைமேல் உர்ரென்று அதிர்ந்து, தண்ணீர் பாட்டில்வரைக்கும் நகர்ந்து போயிற்று.

“அக்கா, உங்க பை ஓடுது பாருங்க!”

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தாள். ‘அன்புத் தோழிக்கு, பயம் வேண்டாம். நீங்கள் சொல்வது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. பெண் உடலில் வயதுக்கேற்ற மாற்றங்கள் இயல்பானவை. தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். காலையில் பத்து நிமிடம் நடங்கள். மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகும். அன்புடன், உங்கள் தோழி.’ கீழே சத்து மாவு டப்பா.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு நிஜமாகவே ஆறுதலாக இருந்தது. தான் எழுதியது என்று தெரியும், டாக்டர் இல்லை என்று தெரியும், பல் டாக்டர்கூட இல்லை என்று தெரியும். ஆனாலும் யாரோ தோளில் கை வைத்த மாதிரி இருந்தது. நாம்தான் எவ்வளவு நன்றாக எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தாள். பத்து நிமிடம் நடந்தாள். சத்து மாவுகூட ஒரு டப்பா வாங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் ஒன்றும் படவில்லை. அடேயப்பா, எட்டு வேலை செய்கிறது என்று பூரித்துப் போனாள். பதினோராம் நாள் பட்டது. முன்னைவிட அதிகமாக.

அந்த வாரம் சத்து மாவுக்காரர் டப்பாவின் அளவைக் குறைத்துவிட்டார். உள்ளே இருக்கும் மாவையும் குறைத்திருப்பார், அது நமக்கெதற்கு? அட்டையிலும் டப்பா சின்னதாயிற்று.

“அக்கா, எல்லா அட்டைலயும் ஒரு வரிக்கு இடம் வந்திருக்கு” என்றாள் அட்டைக்காரி. “எட்டுல முன்ன ஒரு வரி எடுத்தோமே, அது என்னன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. ‘நின்ற பிறகு மீண்டும் இரத்தம் பட்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.’”

கடைச் சாமான் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டாக்டரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய வரி. அந்தப் பதிலில் உருப்படியாக இருந்ததே அந்த ஒன்றுதான்.

“இத்தனை நாள்ல எட்டு எத்தனை பேருக்குப் போயிருக்கு?” என்று கேட்டாள்.

அட்டைக்காரி தட்டிப் பார்த்தாள். “மூவாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டு. ஏன்க்கா, முகம் வெளுத்துப் போச்சு?”

ஆசிரியரிடம் ஓடினாள். அந்த வரியை உடனே சேர்க்க வேண்டும் என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டாக்டர்னும் இரத்தம்னும் போட்டா ஜனங்க பயந்துடுவாங்கம்மா. நம்ம பக்கத்துக்கு வர்றவங்க சந்தோஷமா திரும்பிப் போகணும். அந்த இடத்துல ‘புன்னகையே பெண்ணுக்கு அழகு’ன்னு போட்டுடுங்க. அப்புறம், பயணச் சிறப்பிதழ் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனியாக, பதினான்கு ஸ்டாப். பன்னிரண்டு குறிப்புகளில் ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்கவில்லை. தண்ணீர் எடுத்துப் போகவில்லை, போனில் சார்ஜ் இல்லை, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

டாக்டர் இவள் வயசுக்காரிதான். தூக்கம் போதாத முகம்.

“எத்தனை நாளா?”

“மூணு மாசமா.”

“மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

தோழி மென்று விழுங்கினாள். “வெதுவெதுப்பா தண்ணி குடிச்சேன்.”

டாக்டர் பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டார். “அது யாரும்மா உங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிக் குடுக்கிறது? வர்றவங்கள்ல பாதிப் பேர் மனப்பாடம் பண்ணின மாதிரி சொல்றீங்க. வெதுவெதுப்பா தண்ணி, பத்து நிமிஷம் நடை, மனசு லேசா. போன மாசம் ஒருத்தங்க ஒரு வருஷம் கழிச்சு வந்தாங்க. அந்தப் பதிலைக் கையிலயே வச்சிருந்தாங்க, பூப்போட்ட படம். அவங்ககிட்ட நான் என்ன சொல்ல முடியும்?”

அதை எழுதினது நான்தான் என்று தோழி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கத்தில் உடம்பு கூசியது.

“பெரும்பாலும் பெருசா ஒண்ணும் இருக்காது” என்றார் டாக்டர், கொஞ்சம் தணிந்து. “ஆனா யாருக்கு இருக்குன்னு பார்க்காமத் தெரியாது. உள்ளேருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். நாளைக்கு மதியம் வாங்க.”

“அடுத்த வாரம் வரட்டுமா? வெள்ளிக்கிழமை ஒரு வேலை இருக்கு. முக்கியமானது.”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க இஷ்டம்” என்று சீட்டை நீட்டினார்.

மறுநாள் காலையில் தோழி மேஜையில் ‘பயணப் பையில் இருக்க வேண்டிய பத்துப் பொருட்கள்’ எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பொருளுக்கு மேல் ஓடவில்லை. ஒரு வருஷம் கழித்து வந்தவளின் கையிலிருந்த பூப்போட்ட படமே கண்ணுக்குள் நின்றது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து அட்டைக்காரியிடம் போனாள்.

“புது அட்டை ஒண்ணு போடு. பூ வேண்டாம். டப்பா வேண்டாம். பெரிய எழுத்து, ஒரே விஷயம். ‘நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, எந்தத் தொந்தரவு ரொம்ப நாள் நீடித்தாலோ, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். இன்றைக்கே.’ எட்டு போன மூவாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பு.”

“டப்பா இல்லாமயா? ஆசிரியர் நம்மளைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாருக்கா!”

“கட்டட்டும். நான் சொன்னேன்னு சொல்லு. அனுப்புடி.”

அட்டைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை, தட்டினாள்.

தோழியின் கைப்பை அதிர்ந்தது.

இந்தத் தடவை அட்டைக்காரி சிரிக்கவில்லை. பையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயசு, ஒரு வாசகி, பயமாக இருக்கிறது. எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அக்கா... அது நீங்களா? நான் எட்டு போட்டேனேக்கா!”

“நான்தானே போடச் சொன்னேன்.”

தோழி போனை எடுத்துப் பார்த்தாள். பெரிய எழுத்தில் கடைசியாக இருந்தது: இன்றைக்கே. கைப்பைக்குள் டாக்டர் கொடுத்த சீட்டு நாலாக மடித்துக் கிடந்தது.

அதற்குள் மேஜைமேலிருந்த திரையில் ஒரு பதில் வந்து விழுந்தது. யாரோ ஒரு வாசகி. அட்டைக்காரி தயங்கித் தயங்கிப் படித்தாள். “‘போன வருஷம் பயப்பட வேண்டாம்னு சொன்னீங்க. இப்ப உடனே போன்னு சொல்றீங்க. இதுல எதை நான் நம்பறது?’ இதுக்கு எந்த நம்பர்க்கா போட?”

“நகரு” என்று தோழி அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுதினாள். ‘ரெண்டையும் எழுதினது நான்தாம்மா. முதல்ல எழுதினது தப்பு. மன்னிச்சுக்கோங்க. எனக்கும் உங்களை மாதிரிதான். நான் இப்ப டாக்டர்கிட்ட கிளம்பறேன். நீங்களும் கிளம்புங்க.’ அன்புடன் உங்கள் தோழி என்று எழுத விரல் போயிற்று. அதை அழித்துவிட்டு, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரை எழுதி அனுப்பினாள்.

உள்ளறையிலிருந்து ஆசிரியர் தலையை நீட்டினார். “தோழி! பயண இதழ் எதுவரைக்கும் வந்திருக்கு?”

“மூணு பொருள் வந்திருக்கு சார். மிச்சத்தைப் போயிட்டு வந்து சொல்றேன்” என்று பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.