பிரவுன் தாளில் வெட்டிய கம்ப்யூட்டர்

ஒரு திருகாணிகூட இன்னும் வாங்கவில்லை. அதற்குள் தையல்காரி முழுக் கம்ப்யூட்டரையும் பிரவுன் தாளில் வெட்டி முடித்துவிட்டாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் பேட்டர்ன் மாஸ்டர் அவளுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார். ஆண்கள் சட்டை ஒன்றின் வெட்டுப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, மூன்று அளவுகளில் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். சரியாக வந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. வராவிட்டால் பழையபடி ஜிப் மாற்றலாம், கால்சட்டை நுனி மடித்துத் தைக்கலாம். பதினெட்டு வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம் போய் மென்பொருளைக் கற்றாகிவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர்தான் இல்லை.

சேமித்து வைத்த தொகைக்குக் கடையில் தயாராக விற்கும் பெட்டி எதுவும் அகப்படவில்லை. பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினால் கட்டுப்படியாகும் என்றான் தம்பி. சொன்னதோடு நிற்காமல் பட்டியலும் கொண்டுவந்தான்.

"அக்கா, முதல்ல நல்ல கிராபிக்ஸ் கார்டு. அது இல்லாம கம்ப்யூட்டரே இல்ல."

"அது என்னடா பண்ணும்?"

"கேம்ல புல்லு ஒவ்வொண்ணா அசையும்."

"என் சட்டையில எங்கடா புல்லு இருக்கு?"

தம்பியின் முகம் தொங்கிப்போனது. படத்தைத் திரைக்கு அனுப்பும் வேலையை, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரே செய்துகொள்ளும் வகை உண்டு. கோடும் வளைவும் வரைய அதுவே தாராளம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். அந்த வசதி இல்லாத பிராசசரும் அதே மாதிரிதான் இருக்கும், பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அசந்தால் திரை கறுப்பாகவே கிடக்கும். அந்த ஓர் எழுத்தை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிச் சரிபார்த்தாள்.

மற்றதையெல்லாம் தன் அறையைப் பார்த்தே புரிந்துகொண்டாள். துணி அடுக்கும் அலமாரிதான், வரைந்ததையெல்லாம் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி. அது சின்னதாக இருந்தால் பிறகு இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். துணி விரித்து வெட்டும் மேஜைதான் ரேம். மேஜை சின்னதாக இருந்தால் எவ்வளவு வேகமான கையும் மடிப்பதிலும் விரிப்பதிலுமே பொழுதைக் கழிக்கும். அதனால் அலமாரியில் மிச்சம் பிடித்து மேஜையில் போட்டாள். அந்த ரேமையும் ஒரே பட்டையாக வாங்காமல் இரண்டு சிறு பட்டைகளாக எழுதினாள். பிராசசர் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும். இரண்டு கையாலும் துணி தள்ளுவது போல.

பிறகுதான் தாள் வெட்டும் வேலை. இணையத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் மேலிருந்து எடுத்த படமும் நீள அகலமும் போட்டிருந்தன. பெட்டி சின்னது. தையல் மேஜைக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தது. அதற்குள் எல்லாம் அடங்குமா? மதர்போர்டு, பவர் சப்ளை, எஸ்எஸ்டி, விசிறி என்று எல்லாவற்றுக்கும் உண்மை அளவில் தாள் வெட்டி, பெட்டியின் தாள்மேல் குண்டூசியால் குத்தினாள். வயருக்குக்கூட நாடா வைத்து வளைத்துப் பார்த்து, தையலுக்கு விடுவது போல அரை அங்குலம் கூட விட்டாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தவர் தரையைப் பார்த்தார்.

"இதுக்குக் காலரு எங்க?"

"கிண்டலை விடுங்க. கரன்ட் கணக்கப் பாருங்க."

கணக்கு என்றதும் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். எல்லாப் பாகமும் சேர்ந்து நூற்றைம்பது வாட் இழுக்கும் என்று வந்தது. "அப்ப முந்நூறுக்குக் குறையாம வாங்கணும்" என்றார்.

"ஏன் மாமா? நூத்தம்பதுதானே?" என்றான் தம்பி.

"எட்டுப் பேர் போற லிஃப்ட்டுக்கு எட்டுப் பேரை மட்டும் தாங்குற கயிறா மாப்ள போடுவோம்? உயிர் போற விஷயம்."

"இதுல யாரும் ஏறப்போறதில்ல மாமா."

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பவர் சப்ளை விஷயத்தில் அவர் சொன்னது நியாயமும்கூட. எப்போதும் முழு மூச்சில் ஓடுகிற கருவி சீக்கிரம் சூடேறிக் கெடும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பிராசசரின் சூட்டை இறக்கும் கூலர் விஷயத்திலும் இரண்டு மடங்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

கடைக்காரர் அதிகம் பேசாதவர். அட்டைப் பெட்டியில் அடைக்காத பிராசசரை விலை குறைத்துக் கொடுத்தார். அதோடு கூலர் வராது. அலமாரியிலிருந்து இரண்டு கூலர்களை எடுத்து வைத்தார். ஒன்று தட்டையாக, கைக்கடக்கமாக இருந்தது. இன்னொன்று யாரோ திருப்பிக் கொடுத்த பெரியது, கிட்டத்தட்ட அதே விலை.

"இது ரெண்டு மடங்கு தாங்கும்" என்று கணவர் பெரியதைக் கையில் எடுத்தார்.

கடைக்காரர் வாயைத் திறந்தார். "பெட்டி என்ன அள—"

அவள் கைப்பையிலிருந்து பிரவுன் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். மதர்போர்டு தாளில் கூலருக்கு விட்டிருந்த சதுரத்தின் மேல் அந்தப் பெரிய கூலரை நிறுத்தினாள். ஒரு நூல் பிசகவில்லை. கடைக்காரர் மூக்கில் விரல் வைத்தார். இவ்வளவு அளவெடுத்து வந்தவளிடம் தான் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். பில் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டத் தொடங்கினார்கள். பிராசசரின் மூலையில் இருந்த முக்கோணத்தை மதர்போர்டின் முக்கோணத்தோடு பொருத்தியபோது அது அழுத்தாமலே உட்கார்ந்தது. ரேம் பட்டைகள் 'டக்' என்று பிடித்துக்கொண்டன. ஒவ்வொன்றும் தாளில் குத்திய இடத்திலேயே போய் அமர்ந்தது. பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்று திரையில் எழுத்து வந்தது. தம்பி கைதட்டினான்.

"சரி, கதவ மூடுங்க" என்றாள் அவள்.

கணவர் பக்கக் கதவை வைத்தார். மூடவில்லை. திருப்பி வைத்தார். தம்பி வந்து தள்ளினான். அப்புறம் மூவரும் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார்கள். கூலர் பெட்டியை விட்டு மூன்று விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நீளம் எடுத்தாள், அகலம் எடுத்தாள். தாளுக்கு உயரம் இல்லை என்பது அவள் நினைவுக்கு வரவேயில்லை. தொப்பை உள்ளவர்கள் எத்தனை பேருக்குத் தைத்திருக்கிறாள்! பெட்டிக்கும் தொப்பை இருக்கும் என்று தோன்றவில்லையே.

"நீங்கதான் ரெண்டு மடங்கு, ரெண்டு மடங்குன்னீங்க" என்றாள்.

"அளவெடுத்தது யாரு?"

"மாமா, அக்கா, கதவு இல்லாமலே ஓடும். விடுங்க" என்றான் தம்பி.

ஓடியது. அவள் சட்டையின் முன்பக்கத்தை வரைய ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் விசிறி வேறு குரலில் முனகியது. எட்டிப் பார்த்தால், நூல் பிசிறு. பதினெட்டு வருடம் துணி வெட்டிய அறை. காற்றில் மிதக்கும் பஞ்செல்லாம் கூலரின் தகடுகளுக்கு நடுவே போய் அடைந்திருந்தது. தகடுகளுக்கு இடையே காற்று போனால்தான் சூடு இறங்கும். அடைத்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்படியும் தாங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும், வரைந்த சட்டையோடு.

ஞாயிறு என்பதால் கடை மூடியிருந்தது. நாளை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். சின்ன கூலரை வாங்கி வந்து மாற்றி முடிக்க மதியம் ஆகிவிடும். தம்பி தலையைச் சொறிந்தான். கணவர் கதவில் ஓட்டை போட ரம்பம் தேடினார்.

"ரம்பத்த வைங்க" என்றாள் அவள். "உடம்பு பெருசா இருந்தா உடம்பயா வெட்டுவோம்? துணிய விட்டுத் தைப்போம்."

கம்ப்யூட்டரை அணைத்து, தகடுகளில் அடைந்த பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு டேப்பை எடுத்தாள். இந்த முறை முதலில் உயரம். சன்னமான வலைத்துணியை வெட்டினாள். காற்று போகும், பஞ்சு போகாது. கூலர் நிற்கும் இடத்தில் நாலு பக்கமும் மடிப்பு வைத்துத் தொப்பை விட்டாள். துணி விசிறியில் படாமல் நிற்க, காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியை ஓரம் முழுக்கக் கொடுத்தாள். பெட்டி இரும்பு ஆயிற்றே, கைப்பைக்குத் தைக்கும் காந்தப் பொத்தான் பன்னிரண்டைச் சுற்றிலும் தைத்தாள்.

"காந்தமா? அக்கா, எல்லாம் அழிஞ்சிடும்!" என்று தம்பி பதறினான்.

"அது தட்டு சுத்துற பழைய டிஸ்க்குக்குடா. இதுல வெறும் சிப்பு. நீதானே பட்டியல்ல எழுதின?"

பெட்டிக்கு அதை மாட்டியபோது பொத்தான்கள் வரிசையாகப் பட் பட் என்று ஒட்டிக்கொண்டன. விசிறியின் முனகல் நின்றது. கணவர் வலைத்துணிமேல் உள்ளங்கையை வைத்து, நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சூடு இல்ல. இன்னும் ஒரு சட்டை சேர்த்து வரையலாம்."

திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு மூன்று அளவுகளையும் அனுப்பினாள். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கால்சட்டைகூட அவளால் மடித்துத் தைக்க முடியவில்லை. மதியம் மூன்று மணிக்கு மாஸ்டரின் மின்னஞ்சல் வந்தது. தம்பி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்தான்.

"கைக்குழி சரியில்ல, காலர் நுனி நீளம், பட்டி அகலம் கூட... அக்கா, பதினோரு தப்பு. போச்சு."

அவள் திரையைத் தடவினாள். வேண்டாத ஆளுக்குப் பதினோரு திருத்தம் உட்கார்ந்து எழுதுகிறவர் யாரும் இல்லை. கடைசி வரியில் இருந்தது: 'வியாழனுக்குள் திருத்தி அனுப்பவும். அடுத்த மாடலும் இத்துடன்.'

"வாசல்ல போர்டை மாத்தணும்" என்றார் கணவர். "ஜிப் மாற்றித் தரப்படும்னு இருக்கு."

"அப்புறம் மாத்தலாம். நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கைக்குழியைத் திருத்த ஆரம்பித்தாள்.